நடையா, பத்தியமா, மாத்திரையா: எந்த எண்ணை எது இறக்கும்?

"தெனமும் தெப்பக்குளத்தைச் சுத்துறேன், எனக்கு எதுக்கு மாத்திரை?" என்கிற மதுரைக்காரர்கள் ஒரு பக்கம். "மாத்திரைதான் போடுறேன்ல, ஒரு கறி தோசை சாப்பிட்டா என்ன?" என்பவர்கள் இன்னொரு பக்கம். இருவர் கணக்கும் தப்பும் இடம் ஒன்றுதான். மாரடைப்பைத் தடுப்பதில் நடை, சாப்பாடு, மாத்திரை மூன்றும் ஒரே வேலையைச் செய்கின்றன, ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்று நினைக்கிறார்கள். ஆனால் கொழுப்பு, பிரஷர், சர்க்கரை என்று ஒவ்வொன்றும் இறக்குவது வேறு வேறு எண்ணை. உங்கள் உடம்பில் ஏறி நிற்கும் எண் எது என்று தெரிந்தால்தான் எதற்கு முதலிடம் என்று சொல்ல முடியும்.

முழு உடல் பரிசோதனையா, ஐந்தே சோதனையா?

முதல் செலவு பரிசோதனைக்குத்தான். ஆனால் எழுபது எண்பது சோதனைகளை அடுக்கித் தரும் பேக்கேஜ் தேவையில்லை. ரத்த அழுத்தம், இடுப்புச் சுற்றளவு, சர்க்கரை (மூன்று மாதச் சராசரி காட்டும் எச்.பி.ஏ.1.சி இருந்தால் நல்லது), ரத்தக் கொழுப்பு காட்டும் லிப்பிட் புரொஃபைல், சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின். முப்பது வயதில் இவை போதும். அப்பாவுக்கோ அண்ணனுக்கோ 55 வயதுக்கு முன்பு, அம்மாவுக்கோ அக்காவுக்கோ 65-க்கு முன்பு மாரடைப்பு வந்திருந்தால், வாழ்நாளில் ஒரே ஒரு முறை லிப்போபுரோட்டீன்(ஏ) என்ற ரத்தக் கொழுப்புத் துகளின் அளவைப் பாருங்கள். அது பெரும்பாலும் பிறவியிலேயே முடிவாகும் எண். பத்தியத்துக்கும் நடைக்கும் அசையாது. அது கூடுதலாக இருந்தால் மற்ற எண்களை இன்னும் கீழே வைக்க வேண்டும்.

இடுப்பைத் தொப்புள் மட்டத்தில், வயிற்றை எக்காமல் அளக்க வேண்டும். ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் எடை 'நார்மல்' என்றாலும் கவனம் வேண்டும்.

இ.சி.ஜி. நார்மல் என்றதும் நிம்மதியாக வீட்டுக்குப் போகிறவர்கள் நிறைய. படுத்திருக்கும்போது எடுக்கும் இ.சி.ஜி., பழைய சேதத்தையும் அப்போது நடக்கும் கோளாறையும் காட்டும். நாளை உடையப்போகும் கொழுப்புத் திட்டைக் காட்டாது. டிரெட்மில்லும் ரத்தக் குழாய் நன்றாகவே அடைத்த பிறகுதான் சிக்னல் தரும். பாதி கூட அடைக்காத திட்டு திடீரென உடைந்து, அதன்மேல் ரத்தம் உறைந்து வரும் மாரடைப்புகள் ஏராளம். அறிகுறி எதுவுமே இல்லாதவருக்கு டிரெட்மில் அவசியமில்லை. மாத்திரை தொடங்கலாமா வேண்டாமா என்று டாக்டரே இரண்டு மனதாக இருந்தால், இதய ரத்தக் குழாயில் படிந்த கால்சியத்தை ஸ்கேனில் அளக்கும் சி.டி. கால்சியம் ஸ்கோர் அந்தக் குழப்பத்தைத் தீர்க்கும்: 0 என்றால் பெரும்பாலும் பொறுத்திருக்கலாம், 100-க்கு மேல் என்றால் பொறுக்க வேண்டாம். சர்க்கரை உள்ளவர்களும் புகைப்பவர்களும் அந்த 0-வை நம்பி உட்காரக் கூடாது.

கெட்ட கொழுப்பு: பத்தியம் எவ்வளவு, மாத்திரை எவ்வளவு?

கெட்ட கொழுப்பான எல்.டி.எல். 160 என்று வைத்துக்கொள்வோம். நெய், பாமாயில், ஆட்டுக்கொழுப்பு, பேக்கரிப் பண்டங்களைக் குறைத்து ஒழுங்காகச் சாப்பிட்டால் 10 முதல் 15 சதவீதம் இறங்கும், அதாவது 140 பக்கம் வரும். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் வகை மாத்திரையான அட்டோர்வாஸ்டாட்டின் 10 மி.கி. மட்டும் போட்டால் 100-ஐ ஒட்டி வரும். இரண்டும் சேர்ந்தால் 90. நடையால் மட்டும் எல்.டி.எல். இறங்குவது மிகக் கொஞ்சம். நடை குறைப்பது டிரைகிளிசரைடு என்ற இன்னொரு ரத்தக் கொழுப்பையும் சர்க்கரையையும் அழுத்தத்தையும்தான்.

எனவே சர்க்கரை, பிரஷர், புகை எதுவும் இல்லாமல் எல்.டி.எல். 130 முதல் 160 வரை இருப்பவர் மூன்று மாதம் பத்தியத்தை முயன்றுவிட்டு மறுபடி பார்க்கலாம். எல்.டி.எல். 190-ஐத் தொட்டவர், 40 வயது தாண்டிய சர்க்கரை நோயாளி, ஏற்கெனவே ஸ்டென்ட் வைத்தவர் ஆகிய மூவருக்கும் பத்தியம் மாத்திரைக்கு மாற்று ஆகாது. மாத்திரையோடு சேர்த்துச் செய்ய வேண்டியது.

ஸ்டாட்டின் அளவை இரட்டிப்பாக்கினால் பலன் இரட்டிப்பாகாது. ஒவ்வொரு இரட்டிப்புக்கும் ஏறக்குறைய 6 சதவீதம்தான் கூடுதலாக இறங்கும். அதனால்தான் அளவை ஏற்றிக்கொண்டே போகாமல் எசெட்டிமைப் என்ற வேறு வகைக் கொழுப்பு மாத்திரையை 10 மி.கி. சேர்க்கிறார்கள், அது தன் பங்குக்கு 20 சதவீதம் வரை இறக்கும். தொடங்கி 6 முதல் 12 வாரத்தில் மறுசோதனை. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்: "நார்மல் ஆயிருச்சு" என்று நிறுத்திவிடுகிறார்கள். நார்மல் ஆனதே மாத்திரையால்தான். நிறுத்திய சில வாரங்களில் எண் பழைய இடத்துக்கே போய்விடும். தசைவலி வந்தால் நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள், மருந்தையோ அளவையோ மாற்ற வழி உண்டு. கடும் வலியோடு சிறுநீர் கட்டங்காபி நிறத்தில் போனால் மட்டும் அன்றே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கர்ப்பம் தரிக்க நினைக்கும் பெண்கள் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

மருத மரத்தோடு பெயரைச் சேர்த்துச் சொல்லும் ஊர் மதுரை, மருதம்பட்டைக் கசாயத்தின் மேல் நம்பிக்கை இருப்பது புரிகிறது. ஆனால் மாரடைப்பைத் தடுக்கிறது என்பதற்கு ஸ்டாட்டினுக்கு இருப்பதுபோல் பெரிய ஆய்வுச் சான்று அதற்கு இல்லை. குடிப்பதானாலும் டாக்டரிடம் சொல்லிவிட்டுக் குடியுங்கள். மாத்திரையை நிறுத்திவிட்டுக் குடிப்பதுதான் ஆபத்து.

செக்கு எண்ணெயா, ரீஃபைண்டா?

இந்தச் சண்டையில் பாதி வீண். கெட்ட கொழுப்பை ஏற்றும் நிறைகொழுப்பின் அளவு செக்கில் ஆட்டினாலும் ரீஃபைன் செய்தாலும் மாறாது. எந்த வித்து, எத்தனை கரண்டி என்பவைதான் முக்கியம். தேங்காய் எண்ணெயில் நிறைகொழுப்பு சுமார் 90 சதவீதம், நெய்யில் 60-க்கு மேல், ரேஷன் பாமாயிலில் பாதி. கடலை எண்ணெயில் 20-ஐ ஒட்டி, நல்லெண்ணெயில் 15-ஐ ஒட்டி. தாளிப்புக்குக் கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும் போதும். எல்லா எண்ணெயும் சேர்த்து ஆளுக்கு மாதம் அரை லிட்டர். நாலு பேர் வீட்டில் இரண்டு லிட்டரைத் தாண்டினால் எங்கே போகிறது என்று பாருங்கள்.

வீட்டுக் கணக்கு சரியாக இருந்தும் எண் இறங்கவில்லை என்றால், பெரும்பாலும் ராத்திரிக் கடைதான் காரணம். பரோட்டா மாவு பிசையும்போது எண்ணெய், உருண்டைகள் ஊறும்போது எண்ணெய், வீசும்போது கல்லில் எண்ணெய், சுடும்போது மறுபடி எண்ணெய். அதன்மேல் ஊற்றும் சால்னாவைக் கவனியுங்கள்: கரண்டி அடிவரை போகாமல் மேலோடு மொண்டால், சிவப்பாக மிதக்கும் எண்ணெய்தான் முழுக்க இலைக்கு வரும். கறி தோசையில் முட்டையும் கறியும் அல்ல முதல் பிரச்சினை, சுற்றிலும் ஊற்றும் எண்ணெயும் கறியோடு வரும் வெள்ளைக் கொழுப்பும்தான். அதே கடையில் இட்லியும் சாம்பாரும், இல்லையென்றால் இடியாப்பமும் பாயாவுக்குப் பதில் காய்க் குருமாவும் கிடைக்கும். மாதம் இரண்டு முறை பரோட்டா என்றால் பெரிய சேதமில்லை, வாரம் நாலு முறை என்பதுதான் எண்ணை ஏற்றுகிறது. ஞாயிறு ஆட்டுக்கறிக்குப் பதில் ஒரு வாரம் மத்தியோ அயிலையோ குழம்பாக வைத்தால் நல்ல கொழுப்பு சேரும். அதையே பொரித்தால் அந்த லாபம் பெருமளவு போய்விடும்.

சிறுதானியம் நல்லதுதான், ஆனால் கேழ்வரகை மாவாக்கிக் கஞ்சியாகக் குடித்தால் சர்க்கரை சட்டென ஏறும். தட்டில் பாதி காய், கால்வாசி சோறு, கால்வாசி பருப்போ மீனோ என்ற அளவு, தானியத்தை மாற்றுவதைவிடப் பலன் தரும்.

பிரஷர்: உப்பு, நடை, மாத்திரை

முதலில் சரியாக அளக்க வேண்டும். காபி, புகை முடிந்து அரை மணி கழித்து, சிறுநீர் கழித்துவிட்டு, சாய்ந்து ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். கால் தரையில், வெறுங்கை நெஞ்சு மட்டத்தில் மேசைமேல். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை. ஏழு நாள் காலையும் மாலையும் எடுத்து, முதல் நாளைத் தள்ளிவிட்டுச் சராசரி பாருங்கள். பருத்த கைக்குச் சின்னப் பட்டை கட்டினால் இல்லாத பிரஷரைக் காட்டும்.

உப்பைக் குறைத்தால் பிரஷர் உள்ளவருக்கு ஏறக்குறைய 5 புள்ளி இறங்கும், ஒழுங்கான நடையில் இன்னொரு 5, எடை ஒரு கிலோ குறைந்தால் ஒன்று. ஒரு மாத்திரை 8 முதல் 10. 142/90 உள்ளவர் முதல் இரண்டில் சமாளித்துவிடலாம், 165/100 உள்ளவருக்கு அவை பற்றாது. ஆளுக்கு நாளொன்றுக்கு ஐந்து கிராம், அதாவது ஒரு டீஸ்பூன் உப்பு. ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் இதற்குள்தான். இந்துப்பும் சோடியம் உப்புதான், மாற்று அல்ல. பொட்டாசியம் கலந்த உப்பு உண்மையிலேயே உதவும். ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் டெல்மிசார்டான், எனலாப்ரில் போன்ற பிரஷர் மாத்திரை போடுகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது.

மாத்திரைக்குக் காசுதான் தடை என்றால், 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் 2021 முதல் பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன.

நடை: எத்தனை சுற்று, எவ்வளவு வேகம்?

மாரியம்மன் தெப்பக்குளம் ஏறக்குறைய 305 மீட்டருக்கு 290 மீட்டர், ஒரு சுற்று சுமார் 1.2 கிலோமீட்டர். 12 முதல் 14 நிமிடத்தில் ஒரு சுற்று முடிந்தால் அது இதயத்துக்கான நடை. 20 நிமிடம் ஆனால் அது காற்று வாங்குவது. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது: அதுதான் வேகத்துக்கு அளவு. வாரம் 150 நிமிடம் என்றால் ஐந்து நாள், நாளுக்கு இரண்டரைச் சுற்று. இரண்டு நாள் பளு தூக்குவதோ உட்கார்ந்து எழுவதோ சேர்த்துக்கொள்ளுங்கள். சித்திரை வெயிலில் ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள். முடித்ததும் இரண்டு வடையும் சர்க்கரை போட்ட காபியும் என்றால் எரித்த கலோரி அங்கேயே திரும்பி வந்துவிடும்.

பீடி, சிகரெட், புகையிலை விடாமல் இத்தனையும் செய்வதில் அர்த்தம் குறைவு. சிகரெட்டை விட்ட ஓராண்டில் அதனால் வந்த கூடுதல் இதய ஆபத்து ஏறக்குறைய பாதியாகிறது. காசில்லாமல் இவ்வளவு பலன் தருவது இந்தப் பட்டியலில் வேறு இல்லை.

ஆஸ்பிரின்?

மாரடைப்பு வந்தவருக்கும் ஸ்டென்ட் வைத்தவருக்கும் அவசியம். எதுவும் வராதவர், "ரத்தம் இளகட்டும்" என்று தானாக வாங்கிப் போடக் கூடாது. 2018-ல் வந்த மூன்று பெரிய ஆய்வுகளுக்குப் பிறகு, வயிற்றிலும் மூளையிலும் ரத்தக் கசிவு வரும் ஆபத்தைப் பார்க்க, அறுபது தாண்டியவர்களுக்குப் புதிதாகத் தொடங்க வேண்டாம் என்பதே பொதுவான பரிந்துரை.

நடக்கும்போது நெஞ்சில் பாரம் வந்து, நின்றால் அடங்குகிறதா? அடுத்த சுற்று வேண்டாம், அந்த வாரமே டாக்டரைப் பாருங்கள். நின்றும் அடங்காமல் வியர்வையோடு பத்து நிமிடம் தாண்டினால் 'கேஸ்' என்று சோடா தேடாமல் 108-ஐ அழையுங்கள். பைக்கில் பின்னால் உட்கார்ந்து போகாதீர்கள். கிராமத்தில் இருந்தால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் தவணை மாத்திரைகள் கொடுத்துத்தான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். 'இதயம் காப்போம்' திட்டத்தில் 2023 முதல் அதற்கான மாத்திரைகள் அங்கே இருப்பில் உண்டு.