சான் வாங்கப் போகிறவர்களுக்கு: 'எல்லாமே இரட்டை' என்று சொல்லி எங்கள் தலையில் கட்டியது

சர்வர்களுக்குச் சான் (SAN, சர்வர்களைப் பொதுவான சேமிப்பகத்தோடு இணைக்கும் தனி நெட்வொர்க்) அமைக்கத் திட்டமிடுகிறவர்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் இதைப் படித்துவிடுங்கள். விற்ற நிறுவனத்தின் பெயரை எழுதப் போவதில்லை. இதே கண்கட்டு வேலையை வேறு யாரும் செய்யலாம் என்பதால் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

எந்த ஒரு பாகம் செயலிழந்தாலும் சர்வர்கள் நிற்கக் கூடாது. நாங்கள் கேட்டது இவ்வளவுதான். ஒப்பந்தத்திலும் அப்படியே எழுதிக் கொடுத்தார்கள். வந்து இறங்கியவையும் இரட்டையாகத்தான் இருந்தன: சர்வர்களையும் ஸ்டோரேஜையும் இணைக்கும் இரண்டு ஃபைபர் சேனல் ஸ்விட்ச், வட்டுகள் அடங்கிய இரண்டு ஸ்டோரேஜ் பெட்டி, அவற்றுக்கு முன்னால் ஸ்டோரேஜை மெய்நிகராக்கித் தரும், அதாவது அந்த வட்டுகளைத் திரட்டிச் சர்வர்களுக்குப் பிரித்துத் தரும் இரண்டு நோடுகள். ஒப்படைத்த அன்று பொறியாளர் சர்வரிலிருந்து ஸ்டோரேஜுக்குப் போகும் பாதைகளைப் பட்டியலிடும் மல்டிபாத் கட்டளையைக் கொடுத்துக் காட்டினார். ஒவ்வொரு வால்யூமுக்குக் (சர்வருக்கு வட்டாகத் தெரியும் பகுதி) கீழும் பாதைக்கு ஒன்றாக நான்கு வரிகள், நான்கிலும் 'ஆக்டிவ்', 'ரெடி'. யாருக்குத்தான் நம்பிக்கை வராது?

பிறகு ஒரு நாள் புதிய சர்வரைச் சேர்க்க அதே நிறுவனத்திலிருந்து ஒருவர் வந்தார். தன் மடிக்கணினியில் இருந்த பழைய சோனிங் பட்டியலில் (எந்தச் சர்வர் எந்த ஸ்டோரேஜை அணுகலாம் என்று ஸ்விட்சுக்குச் சொல்வது) புதிய சர்வரை எழுதி, முதல் ஸ்விட்சில் ஏற்றி அமலாக்கினார். இடைப்பட்ட காலத்தில் சேர்ந்திருந்த சர்வர்கள் அந்தப் பட்டியலில் இல்லை. அவை அத்தனையும் ஒரே நேரத்தில் வட்டுகளை இழந்தன. லினக்ஸ் சர்வர்களில் கோப்பு முறைமைகள் எழுத முடியாத நிலைக்குப் போயின. மெய்நிகர் இயந்திரங்கள் அப்படியே உறைந்து நின்றன.

முதல் ஸ்விட்சில் தவறு என்றால் இரண்டாம் ஸ்விட்ச் வழியாக இரண்டு பாதைகளாவது மிஞ்சியிருக்க வேண்டும் அல்லவா? ரேக்கின் பின்பக்கம் போய்ப் பார்த்தால் இரண்டு ஸ்விட்சுகளையும் இணைத்து ஒரு கேபிள். எங்களிடம் தந்த வரைபடத்தில் அது இல்லவே இல்லை. 'ஒரே திரையில் நிர்வகிக்க வசதியாக' மாட்டினார்களாம். அப்படி இணைத்ததும் இரண்டும் சேர்ந்து ஒரே ஃபேப்ரிக், அதாவது ஒரே ஸ்விட்ச் வலையமைப்பு ஆகிவிடும். சோனிங்கும் இரண்டுக்கும் பொதுவாகிவிடும். ஒன்றில் அமலாக்கிய பிழை அடுத்த கணமே மற்றதிலும் அமலாகும். நான்கு வரி காட்டிய மல்டிபாத் இதைச் சொல்லாது. அது பாதைகளை எண்ணுமே தவிர, அவை எதில் போய்ச் சேர்கின்றன என்று பார்ப்பதில்லை.

புகார் கொடுத்தோம். 'பொருளில் குறை இல்லை, மனிதத் தவறு' என்று பதில் வந்தது. அந்த மனிதரை அனுப்பியதே அவர்கள்தான் என்பதை வசதியாக மறந்துவிட்டார்கள்.

அதன்பின் எதையும் நம்பாமல் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தோம். வால்யூம்களுக்கு இரண்டு நகல், அவற்றுக்கு இரண்டு பூல் (வட்டுகளின் தொகுப்பு). பெயர்கள் வேறு வேறு. ஆனால் பூலுக்கு அடியில் உள்ள வட்டுகள் எந்தப் பெட்டியிலிருந்து வருகின்றன என்று பார்த்தால், இரண்டுக்கும் முதல் பெட்டியே. இரண்டாம் பெட்டி ஸ்னாப்ஷாட்டுகளை (ஒரு கணத்தின் நிலையைப் பதிந்த பிரதிகள்) மட்டும் சுமந்துகொண்டிருந்தது. நோடுகளுக்குள் தொடர்பு அறுந்தால் எது தொடர்வது என்று தீர்மானிக்கும் குவோரம் வட்டுகளும் முதல் பெட்டியிலேயே. அது விழுந்திருந்தால் எல்லாம் விழுந்திருக்கும்.

விலைப்புள்ளியிலும் ஒரு தந்திரம் இருந்தது. இரண்டு நோடுகளின் வேகத்தையும் கூட்டி, அதுதான் எங்களுக்குக் கிடைக்கும் வேகம் என்று காட்டியிருந்தார்கள். ஒரு நோடு நின்றால் மற்றது முழுச் சுமையையும் ஏற்க வேண்டும். எழுதும் கேஷுக்கு (வட்டுக்குப் போகும் முன் தரவைத் தற்காலிகமாக வைக்கும் நினைவகம்) அடுத்த நோடில் இணை நகல் இல்லாததால் பல அமைப்புகளில் கேஷ் அணைந்து எழுத்தும் மந்தமாகும். ஒற்றை நோடின் கணக்கை எழுத்தில் கேளுங்கள்.

ஒப்படைப்பின்போது திரையைக் காட்டினால் ஏற்காதீர்கள். வேலை ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு ஸ்விட்ச், ஒரு நோடு, ஒரு முழுப் பெட்டி என ஒவ்வொன்றாக அணைக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் பாதைகள் திரும்பி வந்து, நகல்களும் மறுபடி ஒத்திசைந்த பிறகே அடுத்தது. பக்கத்துக்கு ஒரு ஸ்விட்ச்தான் என்றால், ஒவ்வொன்றிலும் ஃபேப்ரிக்கில் உள்ள ஸ்விட்சுகளின் பட்டியலை எடுத்துப் பாருங்கள். அது தன்னை மட்டும் காட்ட வேண்டும். இரண்டு டொமைன் எண்கள் (ஸ்விட்சுக்கு ஒன்றாக இருக்கும் அடையாள எண்) தெரிந்தால் கேபிள் எங்கோ ஒளிந்திருக்கிறது.

எங்கள் இடத்தில் அந்தக் கேபிளைக் கழற்றி ஃபேப்ரிக்கைப் பிரித்தாகிவிட்டது. நகல்களை இரண்டாம் பெட்டிக்கு மாற்றும் வேலை நடக்கிறது. அதற்கும் தனிக் கட்டணம் கேட்டிருக்கிறார்கள். ஒப்பந்த வாசகத்தை மேற்கோள் காட்டிக் கடைசித் தவணையை நிறுத்தி வைத்திருக்கிறோம்.