டிராக் ஓட்டத்துக்கு முதுகுக் காப்பு: சூட்டுக்குள் செருகுவதா, தோளில் மாட்டுவதா, ஏர்பேக்கா?

முதல் முறை பைக்கோடு டிராக்குக்கு, அதாவது பந்தயத் தடத்துக்கு, போகிறவர்கள் ஹெல்மெட்டுக்கும் லெதர் சூட்டுக்கும் மாதக்கணக்கில் யோசிப்பார்கள். முதுகு விஷயத்தில் மட்டும் சூட்டோடு வந்ததே போதும் என்று விட்டுவிடுவார்கள். பல சூட்டுகளில் முதுகுப் பக்கம் கூடவே வருவது மெல்லிய நுரைத் துண்டு. உண்மையான காப்பு வாங்கும்வரை அந்த இடம் காலியாக இருக்கக் கூடாதே என்று வைத்தது அது. அடியைத் தாங்க அதற்குத் தெம்பு கிடையாது. முதல் வேலையாக அதை உருவி எடுத்துவிடுங்கள்.

அந்த இடத்துக்கு மூன்று பேர் போட்டி போடுகிறார்கள். சூட்டின் முதுகுப் பையில் செருகும் இன்செர்ட், சூட்டுக்கு உள்ளே தோளிலும் இடுப்பிலும் தனியாக மாட்டிக்கொள்ளும் முழுக் காப்பு, அப்புறம் விழும்போது காற்று நிரம்பி உடம்பைச் சுற்றி விரியும் ஏர்பேக்.

எதை எடுத்தாலும் முதலில் லேபிளைப் படியுங்கள். முதுகுக் காப்புக்கான ஐரோப்பியத் தரம் ஈஎன் 1621-2. இந்தச் சோதனையில் காப்பின் மேல் விழும் அடி 50 ஜூல். 5 கிலோ எடையை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து போட்டால் கிடைக்கும் அடி என்று வைத்துக்கொள்ளலாம். காப்பைத் தாண்டி அடுத்த பக்கம் வந்து சேரும் விசை சராசரியாக 18 கிலோநியூட்டனுக்குள் இருந்தால் லெவல் 1. சராசரி 9-க்குள்ளும், எந்த ஓர் அடியும் 12-ஐத் தாண்டாமலும் இருந்தால் லெவல் 2. முதுகுக்கு வந்து சேர்வதில் சரிபாதி வித்தியாசம். டிராக்குக்கு லெவல் 2-க்குக் கீழே நான் போகவே மாட்டேன்.

இதில் ஒரு குழி இருக்கிறது. முழங்கை, முழங்கால் காப்புகளுக்கான தரம் ஈஎன் 1621-1. அதிலும் லெவல் 2 உண்டு, ஆனால் அங்கே 20 கிலோநியூட்டன் வரை அனுமதி. அதாவது மூட்டுக் காப்பின் லெவல் 2, முதுகுக் காப்பின் லெவல் 1-ஐக் கூடத் தொடாது. ‘லெவல் 2’ என்ற எழுத்தை மட்டும் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். எண்ணின் கடைசியில் ‘-2’ இருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்தில் எஃப்பி என்று இருந்தால் முழு முதுகு, சிபி என்றால் நடு முதுகு, எல்பி என்றால் கீழ் முதுகு மட்டும்.

சரி, இன்செர்ட்டா தனிக் காப்பா? இன்செர்ட்டின் பெரிய பலம், மறக்க முடியாது என்பது. சூட்டைப் போட்டால் அதுவும் வந்துவிடும். எடை குறைவு, இறுக்கமான சூட்டுக்குள்ளும் அடங்கும். ஆனால் அதன் அளவை முடிவு செய்வது உங்கள் முதுகு அல்ல, சூட்டில் தைத்திருக்கும் பை. பை சின்னதாக இருந்தால் தோள்பட்டை எலும்புகளின் ஓரமும் இடுப்புக்குக் கீழேயும் வெறுமையாக நிற்கும். இன்னொன்று, சூட் எவ்வளவு இறுக்கமோ அவ்வளவுதான் இன்செர்ட்டும் இடத்தில் நிற்கும். உடம்போடு ஒட்டிய ஒற்றைத் துண்டு லெதர் சூட் என்றால் கவலை இல்லை. இடுப்பில் ஜிப் போட்டு இணைக்கும் இரண்டு துண்டு சூட்டில், உருளும்போது மேல்பாதி ஏறிவிடும், காப்பும் கூடவே ஏறிவிடும். எத்தனை லெவல் இருந்தாலும் அடி விழும் நேரத்தில் இடம் மாறி நிற்கும் காப்பால் பயன் இல்லை.

இங்கேதான் தோளில் மாட்டும் காப்பு ஜெயிக்கிறது. தோள் பட்டைகளும் அகலமான இடுப்புப் பட்டையும் அதை உடம்போடு பிடித்து வைக்கின்றன. தோள்பட்டையிலிருந்து வால் எலும்பு அருகே வரை மூடும். இதிலும் இரண்டு சாதி. கடினத் தகடுகளை அடுக்கியது, விழும் அடியை அகலமாகப் பரப்பும், கூர்மையான எதுவும் உள்ளே இறங்காமல் தடுக்கும், காற்றுக்கும் கொஞ்சம் வழி விடும். ஆனால் வளைவில் உடம்பை வெளியே தொங்கவிடும்போது, இடுப்பு திரும்பும் திசையில் சில தகடுகள் திரும்ப மறுக்கும். மென்மையான வகை உடல் வெப்பத்தில் இளகி முதுகின் வடிவத்துக்கு வந்துவிடும், அடி விழும் கணத்தில் இறுகும். ஓட்டும்போது இருப்பதே தெரியாது. வியர்வையும் எடையும் அதற்குக் கொடுக்கும் விலை. வெயிலில் இந்தப் பொருள் கூடுதலாக இளகும் என்பதால், லேபிளில் டி பிளஸ் குறி தேடுங்கள். 40 டிகிரி செல்சியஸிலும் சோதித்துத் தேறியது என்று பொருள். இரண்டில் என் கை போவது மென்மையான வகைக்குத்தான். உடம்பு தடையில்லாமல் அசைந்தால்தான் ஓட்டம் ஒழுங்காக இருக்கும்.

அளவு பார்க்கும்போது உயரத்தைச் சொல்லி வாங்காதீர்கள். தோளிலிருந்து இடுப்பு வரை அளந்து, அந்த நீளத்தை லேபிளோடு ஒப்பிடுங்கள். பிறகு சூட்டையும் ஹெல்மெட்டையும் போட்டுக்கொண்டு, ஸ்டாண்டில் நிற்கும் பைக்கில் ஏறி டேங்க்மேல் முழுசாகக் குனிந்து எதிரே பாருங்கள். காப்பின் மேல் விளிம்பு ஹெல்மெட்டின் பின்பக்கத்தை முட்டினால் தலையைத் தூக்க முடியாது. அந்தக் காப்பு எவ்வளவு உசத்தியானாலும் வேண்டாம்.

ஏர்பேக் வேறு கணக்கு. பைக் பந்தயத்தின் உச்சமான மோட்டோஜிபியில் 2018 முதல் இது கட்டாயம். காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். டிராக்கில் விழுகிறவர்கள் அடிக்கடி உடைத்துக்கொள்வது கழுத்துப்பட்டை எலும்பு. முதுகுக் காப்பு அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காது. ஏர்பேக் தோள், கழுத்து, விலா எல்லாவற்றுக்கும் மெத்தை போடும். முதுகெலும்புக் காயங்களில் பல, நேரடி அடியால் வருவதில்லை. தலைகீழாக விழும்போது மடங்குவதாலும் முறுக்குவதாலும் வருகின்றன. தகட்டாலோ நுரையாலோ அதைத் தடுத்துவிட முடியாது. கழுத்தைச் சுற்றிக் காற்று நிரம்பும்போது ஓரளவாவது தாங்கல் கிடைக்கிறது.

டிராக்குக்கு எலக்ட்ரானிக் சென்சார் வகையைத்தான் சொல்வேன். பைக்கோடு கயிறு கட்டும் வகை, நீங்கள் பைக்கை விட்டு விலகிக் கயிறு இழுபட்ட பிறகுதான் விரியும். பைக்கோடு சேர்ந்தே சறுக்கும் லோசைடு வகை விழுதலில் அது தாமதம். சென்சார் வகைக்கு சார்ஜ் பார்க்க வேண்டும், வெடித்தபின் கேஸ் குப்பி மாற்ற வேண்டும். இதையெல்லாம் விட முக்கியம், விரிய இடம் வேண்டும். சாதாரண இறுக்கமான லெதருக்கு அடியில் ஏர்பேக்கைத் திணித்தால், வெளியே போக வழியில்லாத காற்று உங்கள் விலாவைத்தான் அழுத்தும்.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் மாட்டிக்கொள்ளும் முழு முதுகு லெவல் 2. உடம்பைப் பிடித்த ஒற்றைத் துண்டு சூட், பெரிய பை என்றால் எஃப்பி குறியுள்ள லெவல் 2 இன்செர்ட் தாராளமாகப் போதும். ஏர்பேக்குக்கு மாறும் நாளில், அதன் கையேடு அனுமதிக்கிறவரை இன்செர்ட்டை உள்ளேயே வைத்திருங்கள், ஏனென்றால் சார்ஜ் தீர்ந்த ஏர்பேக் ஒரு துணி. விழுந்து எழுந்த அன்றே காப்பை வெளியே எடுத்து வெளிச்சத்தில் வளைத்துப் பாருங்கள். தகட்டில் மயிரிழை விரிசலோ, நுரையில் எழும்பி வராத பள்ளமோ தெரிந்தால் அடுத்த செஷனுக்கு அதை மாட்டாதீர்கள்.