தோள்பட்டை வலி: ஊசியா, பயிற்சியா, ஆபரேஷனா?

மாங்காய் சீசன் முடியும் நேரத்தில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் காவேரிப்பட்டணம், பர்கூர் பக்கம் போனால் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்களைப் பார்க்கலாம். நாள் முழுக்கத் தொரட்டியைத் தலைக்கு மேலே தூக்கி பெங்களூரா ரக மாங்காய் பறித்தவர்கள், மாங்கூழ் ஆலைக்குப் போகிற லாரியில் கிரேட் ஏற்றியவர்கள். சட்டை போட முடியாது, அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியாது. ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். எனக்கு இதில் தெளிவான ஒரு கட்சி உண்டு: பயிற்சிதான் முதல். ஊசி அதற்குத் துணை. எலும்பைச் செதுக்கும் ஆபரேஷன் பெரும்பாலோருக்கு வேண்டியதில்லை.

ஏன் என்று புரிய, உள்ளே நடப்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். கை எலும்பின் உருண்டையைக் குழியில் பிடித்து நிறுத்துபவை நான்கு சிறு தசைகள். இவற்றுக்கு ரொட்டேட்டர் கஃப் என்று பெயர். உருண்டைக்கு மேலே கூரை மாதிரி தோள் எலும்பின் நுனி நீட்டிக்கொண்டிருக்கும். இரண்டுக்கும் நடுவில் சுமார் ஒரு சென்டிமீட்டர் இடைவெளி. அந்தச் சந்துக்குள்தான் தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணும் அதற்கு மேலே ஒரு மெல்லிய நீர்ப்பையும் இருக்கின்றன. கூரை எலும்பு உரசி உரசித்தான் நாண் கெடுகிறது என்று 1972இல் அமெரிக்க மருத்துவர் சார்லஸ் நீர் எழுதினார். இம்பிஞ்ச்மென்ட் (இடுக்கில் நசுங்குவது) என்ற பெயர் பரவியது அதிலிருந்துதான். இன்று பலரும் வேறு மாதிரி பார்க்கிறார்கள். பழக்கமில்லாத சுமை திடீரென்று கூடும்போது நாண் தாங்க முடியாமல் நோகிறது, உரசல் மட்டுமே காரணம் இல்லை என்கிறார்கள். பத்து மாதம் தொரட்டி தொடாத தோள், வைகாசியில் ஒரேயடியாக நாள் முழுக்கத் தூக்கினால் என்ன ஆகும் என்று நமக்கே தெரியும்.

எதை நம்புகிறோமோ அதற்கேற்ற வைத்தியம். உரசல்தான் காரணம் என்றால் எலும்பைச் செதுக்க வேண்டும். பலக்குறைவு என்றால் நாணைப் பலப்படுத்த வேண்டும்.

செதுக்கும் ஆபரேஷனை நேராகவே சோதித்துப் பார்த்துவிட்டார்கள். இங்கிலாந்தில் 313 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு எலும்பைச் செதுக்கினார்கள். இன்னொன்றுக்கு உள்ளே கேமராவை விட்டுப் பார்த்ததோடு சரி, செதுக்கவில்லை. மூன்றாவதுக்கு எதுவும் செய்யவில்லை. 2018இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த முடிவுப்படி, செதுக்கியவர்களும் வெறும் கேமரா விட்டவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் தேறினார்கள். அதே ஆண்டு பின்லாந்து ஆய்வும் இதையே சொன்னது. கடன் வாங்கி, தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டு இந்த ஆபரேஷனுக்குப் போக நினைப்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டு முடிவெடுக்கட்டும். ஸ்கேனில் ‘கிழிசல்’ என்று எழுதியிருந்தாலும் உடனே பதற வேண்டாம். அறுபது தாண்டியவர்களில் வலியே இல்லாத பலருக்கும் அந்தக் கிழிசல் இருக்கிறது.

மெடிக்கலில் வாங்கும் டைக்ளோஃபெனாக் மாத்திரை இரண்டு நாள் தாங்கும், அவ்வளவுதான். பிரஷரோ கிட்னி கோளாறோ உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடவே கூடாது. எண்ணெய் போட்டு இதமாக நீவிவிடுவதில் தப்பில்லை. ஆனால் கையைச் சேர்த்துக் கட்டு போட்டு வாரக்கணக்கில் அசைக்காமல் வைப்பது கெடுதல். தோள் இறுகிவிடும்.

உண்மையான போட்டி ஊசிக்கும் பயிற்சிக்கும்தான். ஸ்டீராய்டு ஊசி போட்டால் சில நாளில் வலி இறங்கும், ராத்திரி தூக்கம் வரும். அது பெரிய நிம்மதி, மறுக்கவில்லை. ஆனால் 708 பேரிடம் நடத்தி 2021இல் வெளியிட்ட இன்னொரு இங்கிலாந்து ஆய்வில், ஊசியின் பலன் எட்டாவது வாரம் கொஞ்சம் தெரிந்தது, ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் வித்தியாசமே இல்லை. சர்க்கரை உள்ளவர்களுக்கு ஊசிக்குப் பின் சில நாள் சர்க்கரை ஏறும். திரும்பத் திரும்பப் போட்டால் நாணே பலவீனமாகலாம். வலி குறைந்த தைரியத்தில் மறுநாளே தொரட்டியைத் தூக்குவதுதான் நம்மூரில் நடக்கிறது. ராத்திரி தூங்கவே முடியாதவர்கள் ஒரு ஊசி போட்டுக்கொண்டு, அந்த இடைவெளியில் பயிற்சியைத் தொடங்கினால் அது நல்ல உபயோகம்.

அதே ஆய்வில் எனக்கு ரொம்பப் பிடித்த செய்தி வேறு. ஆறு முறை வரை சிகிச்சைக்கு வந்தவர்களும், ஒரே முறை நன்றாகக் கற்றுக்கொண்டு வீட்டிலேயே செய்தவர்களும் ஒரே மாதிரிதான் குணமானார்கள். அஞ்செட்டியிலிருந்து வாரா வாரம் பஸ் ஏற முடியாதவருக்கு இதைவிட நல்ல சேதி என்ன இருக்கிறது? ஒரு நாள் அரசு மருத்துவமனையின் இயன்முறை சிகிச்சைப் பிரிவில் கற்றுக்கொண்டு வந்தால் போதும். தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியதே இந்த மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். வீட்டுக்கு வரும் இயன்முறை சிகிச்சையும் அதில் சேர்த்தி. ஊர்ச் செவிலியரிடம் கேட்டுப் பாருங்கள்.

பயிற்சிக்குப் பழைய சைக்கிள் ட்யூப் போதும். ஒரு முனையை ஜன்னல் கம்பியில் இடுப்பளவு உயரத்தில் கட்டுங்கள். முழங்கையை மடித்து விலாவோடு ஒட்டி வையுங்கள், நடுவில் ஒரு துண்டைச் சுருட்டிச் செருகுங்கள். ட்யூபைப் பிடித்து முன்கையை மட்டும் மெதுவாக வெளிப்பக்கம் இழுங்கள், அதைவிட மெதுவாகத் திரும்ப விடுங்கள். துண்டு கீழே விழுந்தால் முழங்கை விலகிவிட்டது என்று அர்த்தம். லேசான வலி பரவாயில்லை, மறுநாள் காலைக்குள் அடங்கினால் சரி. அடங்காவிட்டால் ட்யூபைத் தளர்த்திக் கட்டுங்கள். பன்னிரண்டு வாரம் பொறுமை வேண்டும். மா பூக்கும் தை மாதத்திலேயே தொடங்கினால் பறிப்பு தொடங்குமுன் தோள் தயாராகிவிடும்.

இதெல்லாம் கையைப் பக்கவாட்டில் தூக்கும்போது 60 டிகிரிக்கு மேல் வலித்து, 120 தாண்டினால் குறைகிற தோளுக்குத்தான். இன்னொருவர் தூக்கிவிட்டாலும் கை போகவில்லை, வெளிப்பக்கம் திரும்பவும் மறுக்கிறது என்றால் அது தோள் இறுகிப்போகும் ஃப்ரோசன் ஷோல்டராக இருக்கலாம். சர்க்கரை உள்ளவர்களுக்கு அதிகம் வரும், அதற்கு வழி வேறு. இடது தோள் வலியோடு நெஞ்சு அழுத்தமும் வியர்வையும் வந்தால் உடனே 108க்குப் போன் போடுங்கள். மரத்திலிருந்து விழுந்த பிறகு கையைத் தூக்கவே வரவில்லை என்றால் நாண் முழுதாக அறுந்திருக்கலாம். அங்கே ட்யூபும் வேண்டாம், காத்திருக்கவும் வேண்டாம். தைப்பதென்றால் சீக்கிரம் தைப்பதுதான் நல்லது, அந்த வாரமே எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.