நோக்கியா ஜி22: பேட்டரியை மாற்றலாம், சிப்பை என்ன செய்ய?

முதுகில் இருக்கும் பெயரைப் பார்த்து வாங்குகிறவர்களுக்கு முதலில் ஒன்று: ஜி22-ஐ விற்றது பழைய நோக்கியா இல்லை. கைப்பேசித் தொழிலை நோக்கியா 2014 ஏப்ரலில் மைக்ரோசாஃப்டிடம் கைமாற்றிவிட்டது. வரி வழக்கில் சிக்கி அந்த விற்பனையில் சேராமல் போன ஸ்ரீபெரும்புதூர் ஆலை அதே நவம்பரில் மூடப்பட்டது. 2016-இல் பின்லாந்தில் எழுந்த எச்எம்டி குளோபல் என்ற நிறுவனம், பெயரை மட்டும் 10 ஆண்டு உரிமத்தில் எடுத்துக்கொண்டது. ஜி22 அதன் போன். 2023 பிப்ரவரியில் ஜி22 அறிமுகமான சமயத்தில்தான் நோக்கியா தன் லோகோவை மாற்றியது. போனில் இருப்பது பழைய லோகோ. காசு கொடுப்பவர்களுக்கு நினைவில் நிற்பது அதுதானே!

பிரிட்டனில் இதன் அறிமுக விலை 149.99 பவுண்டு. 6.5 அங்குல எச்டி பிளஸ் திரை, நொடிக்கு 90 முறை படம் புதுப்பிக்கும் 90 ஹெர்ட்ஸ் வேகம், 5050 எம்ஏஎச் பேட்டரி, 20 வாட் சார்ஜிங், 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பு. மூன்று கேமராவில் உருப்படியானது 50 மெகாபிக்சல் ஒன்றுதான். மற்ற இரண்டும் எண்ணிக்கைக்கு.

பெயரைத் தாண்டி இந்தப் போனைப் பேச வைப்பது வேறொன்று. பேட்டரி, டிஸ்ப்ளே, சார்ஜிங் போர்ட் மூன்றையும் வீட்டிலேயே மாற்றிக்கொள்ளலாம். பழுதுபார்ப்பு இணையதளமான ஐஃபிக்ஸிட் வழியாக உதிரிபாகமும் படத்தோடு வழிகாட்டியும் கிடைக்கும் என்று அறிவித்தார்கள். அறிமுக விலையில் பேட்டரி 22.99 பவுண்டு, டிஸ்ப்ளே 44.99, சார்ஜிங் போர்ட் 18.99. டிஸ்ப்ளே போன் விலையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. இந்த விலைப் போன்களில் இது அபூர்வம்.

பேட்டரிக்கு ஐந்து நிமிடம் போதும் என்கிறது நிறுவனம். பழகிய கைக்குச் சரி. முதல் முறை செய்பவர் அரை மணி ஒதுக்கிக்கொள்வது நல்லது. சார்ஜ் 25 சதவீதத்துக்குக் கீழே இறங்கிய பிறகு போனை அணையுங்கள். நிறைந்த லித்தியம் பேட்டரியில் கீறல் விழுந்தால் தீப்பிடிக்கும் ஆபத்து கூடுதல். சிம் ட்ரேயை மறக்காமல் முதலில் உருவுங்கள். பிறகு பிளாஸ்டிக் பிக்கை (கிட்டார் மீட்டும் வில்லை போன்ற மெல்லிய தகடு) விளிம்பில் நுழைத்துச் சுற்றிலும் ஓட்டினால் பேக் கவர் கழன்று வரும். இரும்பு பிளேடு வேண்டாம், கவரும் மறுசுழற்சி பிளாஸ்டிக்தான், விளிம்பு நசுங்கிவிடும். உள்ளே எதைத் தொடுவதற்கும் முன் பேட்டரி கனெக்டரைக் கழற்றிவிடுங்கள். பேட்டரியை ஒட்டியிருக்கும் கம் விடாமல் பிடித்தால் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் சில துளி விட்டு, ஓரிரு நிமிடம் பொறுத்து, தட்டையான பிளாஸ்டிக் அட்டையால் மெதுவாக எழுப்பலாம். வளைக்கக் கூடாது. உப்பிய பேட்டரி என்றால் கடையில் கொடுத்துவிடுங்கள்.

மாட்டிய பிறகு 100 சதவீதம் ஏற்றி, மேலும் இரண்டு மணி நேரம் சார்ஜிலேயே விட்டு, தானாக அணையும் வரை பயன்படுத்தி, மறுபடி முழுக்க ஏற்றுங்கள். இதைத் தவிர்த்தால் சதவீதக் கணக்கு தாறுமாறாகக் காட்டலாம்.

டிஸ்ப்ளே மாற்ற 20 நிமிடத்துக்குள் என்று கணக்குச் சொல்கிறார்கள். உள்ளே இருப்பதையெல்லாம் இடம் மாற்ற வேண்டிய வேலை அது. எந்தத் திருகு எங்கிருந்து வந்தது என்று தாளில் குறித்து வைக்காமல் இறங்க வேண்டாம். சுலபமாகத் திறப்பதற்கு ஒரு விலையும் உண்டு: தூசி, நீர் காப்பைச் சொல்லும் தரக்குறியீட்டில் இது ஐபி52 மட்டும்தான். தூறலைத் தாங்கும், வாளிக்குள் விழுந்தால் தாங்காது.

இவ்வளவு யோசித்துச் செய்த போனுக்குள் வைத்த சிப் யூனிசாக் டி606. 12 நானோமீட்டர் என்ற பழைய தயாரிப்பு முறையில் செய்தது, 5ஜி கிடையாது. வாட்ஸ்அப்புக்கும் யூடியூபுக்கும் போதும். நாலு ஆப் திறந்ததும் தடுமாறும். உதிரிபாகம் ஐந்து ஆண்டு கிடைக்கும் என்றார்கள், பாதுகாப்பு அப்டேட் மூன்று ஆண்டுதான் தருவதாகச் சொன்னார்கள். புதுப் பேட்டரி போட்டு ஓட்ட வேண்டிய நான்காம் ஆண்டில் மென்பொருள் கைவிட்டுவிடுகிறது. பழுதுபார்க்கும் வசதியின் பாதிப் பயன் இதிலேயே போச்சு. சொன்ன அப்டேட்டும் வந்தால்தான் நிச்சயம்: தன் முந்தைய போனான நோக்கியா 9 ப்யூர்வியூவுக்கு ஆண்ட்ராய்டு 11 தராமல் கைவிரித்த நிறுவனம் இது.

பழைய ஜி22 மலிவாகக் கிடைத்தால் பெரியவர்கள் பேசவும் படம் பார்க்கவும் வாங்கிக் கொடுக்கலாம். வாங்கும்போது செட்டிங்ஸில் பாதுகாப்பு அப்டேட் தேதியைப் பாருங்கள். பழையதாக இருந்தால் அதில் வங்கி ஆப் வேண்டாம்.