வாங்கியதும் லேபிளைக் கிழித்துவிடுங்கள்: தனிமம், சேர்மம், கலவை கிட்

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் தனிமம், சேர்மம், கலவை மூன்றுக்கும் விளக்கம் கேட்டுப் பாருங்கள், தண்ணீர் பட்ட பாடாக ஒப்பிப்பார்கள்: ஒரே வகை அணுக்களால் ஆனது தனிமம், தனிமங்கள் குறிப்பிட்ட விகிதத்தில் வேதிவினையால் இணைந்தது சேர்மம், எந்த விகிதத்திலும் சும்மா கலந்து கிடப்பது கலவை. "சரி, இந்தப் பித்தளைச் சொம்பு எதில் சேரும்?" என்றால் முழிப்பார்கள். பாளையங்கோட்டையில் வீட்டு மாடியில் டியூஷன் எடுக்கிற எனக்கு இது வருடா வருடம் நடக்கிற கதை. அதனால் இந்தப் பாடத்துக்கென்றே ஆன்லைனில் ஒரு கிட் 1,150 ரூபாய்க்கு வந்ததும் வாங்கிவிட்டேன். கம்பெனி பெயர் வேண்டாம். இதே மாதிரிப் பெட்டிகள் பல பெயர்களில் கிடைக்கின்றன, யார் வாங்கினாலும் நான் சொல்வது உதவும்.

உள்ளே மூடி போட்ட சின்ன டப்பாக்கள், சோதனைக் குழாய்கள், ஸ்பிரிட் விளக்கு, இடுக்கி, காந்தம், வடிதாள், எண்ணெய், தண்ணீர் மாதிரி ஒட்டாத திரவங்களைப் பிரிக்கிற பிளாஸ்டிக் பிரிபுனல், ஒரு குட்டி டார்ச். அமிலம் எதுவும் கிடையாது, அந்த மட்டில் புத்திசாலிகள். பாதுகாப்புக் கண்ணாடி ஒன்றே ஒன்றுதான் வைத்திருக்கிறார்கள். சுற்றி நிற்கிற மற்ற பிள்ளைகளுக்கு என்ன செய்வதாம்?

முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு டப்பாவிலும் இது தனிமம், இது சேர்மம் என்று லேபிள் ஒட்டியிருக்கிறது. 'தனிமம்: கார்பன்' டப்பாவைத் திறந்தால் பென்சில் குச்சி! கிராஃபைட்டோடு களிமண்ணைக் குழைத்துச் சுட்டுக் குச்சி செய்யும் முறைக்கு பிரான்சில் கோன்டே 1795லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். இன்றைக்கும் எச்பி, 2பி என்பதெல்லாம் அந்தக் களிமண் எவ்வளவு என்பதைப் பொறுத்ததுதான். அதாவது கைக்கு வந்திருப்பது கலவைதான். 'தனிமம்: இரும்பு' டப்பாவில் கடையில் விற்கிற ஆணி. அது எஃகு, கொஞ்சமாவது கார்பன் கலந்திருக்கும். 'சேர்மம்: உப்பு' என்று போட்டு அனுப்பியிருப்பது பாக்கெட் தூள் உப்பு. இதை நான் சொல்வதற்கு முன்பே ஒரு பெண் கேட்டுவிட்டாள்: "மிஸ், உப்பு பாக்கெட்ல அயோடின் சேர்த்ததுன்னு போட்டிருக்கே, அப்ப இது கலவைதானே?" அவள் சொன்னது சரிதான். ஒரு கிலோ உப்பில் 15 மில்லிகிராம் அயோடினாவது இருக்க வேண்டும் என்பது சட்டம். அதற்காகப் பொட்டாசியம் அயோடேட் சேர்க்கிறார்கள், கட்டி பிடிக்காமலிருக்க இன்னொன்றும் சேர்க்கிறார்கள். பக்கத்திலிருக்கிற தூத்துக்குடிக் கல்லுப்பை எடுத்தாலும் அதில் மெக்னீசியம் குளோரைடு கொஞ்சம் தங்கியிருக்கும். மழைக்காலத்தில் உப்பு ஜாடி நசநசவென்று ஆவதற்கு அதுதான் காரணம்.

செம்புக் கம்பி, சர்க்கரை, மயில்துத்தம் (காப்பர் சல்பேட்), பித்தளைத் துண்டு ஆகியவற்றின் லேபிள்கள் சரி.

கையேட்டில் பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியர் 1789இல் 33 தனிமங்களைப் பட்டியலிட்டார் என்று பெருமையாக ஒரு பக்கம் இருக்கிறது. அந்தப் பட்டியலில் ஒளியும் வெப்பமும் உண்டு, நம் சுண்ணாம்பும் உண்டு. அவரிடமிருந்த வழிகளால் சுண்ணாம்பைப் பிரிக்க முடியவில்லை. 1808இல் இங்கிலாந்து வேதியியலாளர் டேவி மின்சாரத்தைக் கொண்டு அதிலிருந்து கால்சியத்தை எடுத்துக் காட்டினார். லவாய்சியருக்கு அந்தச் சாக்கு இருக்கிறது. பென்சிலைக் கார்பன் என்று அனுப்புகிறவர்களுக்கு என்ன சாக்கு?

இவ்வளவு திட்டியும் கிட்டைத் திருப்பி அனுப்பாததற்குக் காரணம் இரும்பும் கந்தகமும். இரண்டு தூளையும் கலந்து காகிதத்தில் பரப்பிக் காந்தத்தைக் காட்டினால் இரும்பு தாவி வந்து ஒட்டிக்கொள்கிறது, மஞ்சள் தூள் அப்படியே கிடக்கிறது. அப்புறம் அதே கலவையைக் குழாயில் போட்டு அடியைச் சூடாக்க வேண்டும். ஓரிடத்தில் செந்தணல் பிடித்ததும் விளக்கை எடுத்துவிடலாம். தணல் தானாகவே மேலே மேலே ஏறிப் போகும். வாய்ச்சொல்லால் இதைக் காட்ட முடியாது. பிள்ளைகள் பேச்சுமூச்சில்லாமல் பார்த்தார்கள்.

ஆனால் கையேடு இங்கேயும் காலை வாருகிறது. 'இரண்டிலும் ஒவ்வொரு கரண்டி எடுக்கவும்' என்கிறது. இரும்பு கந்தகத்தைவிடக் கிட்டத்தட்ட நாலு மடங்கு அடர்த்தி. கரண்டியால் அளந்தால் இரும்பு ஏகத்துக்கு மிஞ்சிப்போகும், சூடாக்கிய பிறகும் காந்தத்தில் ஒட்டும். சேர்மமாகிவிட்டால் இரும்பு தன் குணத்தை இழந்துவிடும் என்று காட்டத்தானே இந்தச் சோதனையே! எடை போட்டுத்தான் எடுக்க வேண்டும்: இரும்பு 7 பங்கு, கந்தகம் 4 பங்கு. நான் குட்டி டிஜிட்டல் தராசில் மூன்றரை கிராமும் இரண்டு கிராமும் எடுத்தேன். ஆறவிட்டுத் துணியில் சுற்றித் தட்டியதும் கரும்சாம்பல் கட்டி உடைந்து வந்தது. சூடு சரியாகச் சேராத ஓரத்துத் துணுக்குகள் மட்டும் காந்தத்தில் லேசாக ஒட்டின, மற்றதெல்லாம் கிடந்த இடத்திலேயே கிடந்தது.

அந்த 7க்கு 4ஐப் பார்த்த பிறகு பித்தளைச் சொம்புக் கேள்விக்கும் பதில் வந்துவிட்டது. பித்தளையில் செம்பையும் துத்தநாகத்தையும் கூட்டலாம் குறைக்கலாம், அப்போதும் அது பித்தளைதான், அதனால் அது கலவை. நாங்கள் செய்த கட்டியான இரும்பு சல்பைடில் அந்தப் பேச்சே கிடையாது. ஒரு பையன் தன் கழுத்துச் சங்கிலியில் 916 என்று இருப்பதைச் சொல்லி, ஆயிரத்தில் மீதி 84 பங்கு என்ன என்று கேட்டான். செம்பு, வெள்ளி மாதிரி வேறு உலோகங்கள் என்றேன். "அப்ப இதுவும் கலவை" என்று அவனே முடித்துக்கொண்டான்.

இரும்பு, கந்தகச் சோதனையை மொட்டை மாடியில் செய்யுங்கள், கந்தகப் புகை தொண்டையைப் பிடிக்கும். கட்டியில் அமிலம் ஊற்றிப் பார்க்கிற வேலை வீட்டில் வேண்டவே வேண்டாம், வருவது அழுகிய முட்டை நாற்றமுள்ள நச்சு வாயு. மற்ற சோதனைகளில், சூடாக்கி வெளுத்த மயில்துத்தத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டதும் நீலம் திரும்புவது நன்றாக இருக்கிறது. கறுப்பு ஸ்கெட்ச் பேனா மை வடிதாளில் பல நிறமாகப் பிரிவதும் பரவாயில்லை. பிரிபுனல் முதல் நாளே ஒழுகியது.

ஐந்துக்கு மூன்றரை கொடுக்கலாம். வாங்கினால் முதல் வேலையாக லேபிள்களைக் கிழித்துவிட்டு டப்பாக்களைப் பிள்ளைகள் முன் வையுங்கள். எது எதில் சேரும் என்று அவர்களே சண்டை போட்டுப் பிரிக்கட்டும். பென்சில் குச்சியும் ஆணியும் அப்போதுதான் காசுக்குப் பிரயோஜனப்படும். தராசு தனியாக வாங்க வேண்டியிருக்கும். ரீஃபில் பாக்கெட் என்று 400 ரூபாய்க்கு விற்பதை மட்டும் வாங்காதீர்கள். கந்தகம் நாட்டு மருந்துக் கடையிலும் மயில்துத்தம் உரக்கடையிலும் அதைவிட மலிவாகக் கிடைக்கும்.