ஆறு சீசனுக்குப் பிறகு: அணியத்தில் மறைந்திருந்த மூன்று கிலோ தண்ணீர்

"உங்களுடையது மாதிரியே ஒரு படகு விற்பனைக்கு வந்திருக்கிறது, வாங்கலாமா?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். அவர் கேட்ட நேரம் சரியில்லை. மூன்று வாரம் மேல்தளத்தை அறுத்து, உலர்த்தி, ஒட்டி, தேய்த்து முடித்திருந்தேன். விரல் இடுக்கில் எபாக்ஸிப் பிசின் இன்னும் முழுதாகப் போகவில்லை. "வேண்டாம்" என்று ஒரே வார்த்தையில் பதில் போட்டுவிட்டேன். அப்புறம் அது நியாயமான பதில்தானா என்று இரண்டு நாள் யோசித்தேன். அந்த யோசனைதான் இது.

அளவுகளை எல்லாம் இங்கே அடுக்கப் போவதில்லை. இரண்டு பேர் ஓட்டும், ஐந்து மீட்டருக்குச் சற்றுக் குறைந்த பந்தயப் படகு. கார்பன் பாய்மரம், உள்ளே இழுத்துக்கொள்ளக்கூடிய முன்கழி, அதில் ஏறும் பெரிய ஸ்பின்னேக்கர், அதாவது காற்றுப் போகும் திசையில் ஓடும்போது விரிக்கும் பலூன் மாதிரிப் பாய். இந்த வகைப் படகை ஓட்டுகிறவர்களுக்கு இவ்வளவு போதும்.

வடிவமைப்பை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் கோபம் அதன்மேல் இல்லை. அணியம், அதாவது படகின் முன்முனை, கத்தி மாதிரி செங்குத்தாகத் தண்ணீரில் இறங்குகிறது. பழைய படகுகளில் அணியம் முன்னால் சாய்ந்து நீண்டிருக்கும். அந்த நீளம் தண்ணீருக்கு மேலே சும்மா நிற்கும். இதில் ஏறக்குறைய மொத்த நீளமும் தண்ணீரைத் தொடுகிறது. தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகும் எந்தப் படகும் தான் எழுப்பிய அலையின் பள்ளத்திலேயே சிக்கிக்கொள்ளும். அந்த வேக எல்லை நீர்க்கோட்டு நீளத்தின், அதாவது தண்ணீரைத் தொடும் நீளத்தின், வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 4.7 மீட்டர் நீர்க்கோட்டுக்கு அது மணிக்கு 5 கடல் மைலுக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். அதைத் தாண்ட வேண்டுமென்றால் படகு எழும்பித் தண்ணீரின்மேல் வழுக்க வேண்டும். அதற்காகத்தான் பின்பாதியின் அடியைத் தட்டையாக்கி, அமரத்தை, அதாவது பின்முனையை, அகலமாக்கி, பக்கமும் அடியும் சேரும் இடத்தை உருட்டாமல் கூர்மையான மடிப்பாக விட்டிருக்கிறார்கள். அந்த மடிப்பில் தண்ணீர் உடலை விட்டுச் சுத்தமாகப் பிரிந்துவிடும்.

இந்தப் படகு எழும்பும் கணத்துக்காக நான் இன்னும் ஏங்குகிறேன். சுக்கான் பிடியில் இருந்த பாரம் சட்டென்று இறங்கும். பக்கவாட்டில் சளக் சளக்கென்று கேட்டுக்கொண்டிருந்த அலைச் சத்தம் நின்று, கீழே ஒரே சீரான சீறல் மட்டும் இருக்கும். திடீரென்று காற்று ஓங்கி அடித்தாலும் பாய்மரத்தின் நுனி வளைந்து, பாயின் அகன்ற தலை திறந்து, மிச்சக் காற்றைத் தானே வெளியே விட்டுவிடும். நாம் கயிற்றை விடுவதற்குள் பாய்மரம் அந்த வேலையைச் செய்து முடித்திருக்கும். ஆறு சீசனில் எனக்கு இது ஒருமுறைகூடப் பழகிப்போகவில்லை.

முதல் வருடம் வேகமாகப் போகும்போதெல்லாம், படகு பக்கவாட்டில் நழுவாமல் இருக்க அடியில் இறக்கும் நடுப்பலகை ரீங்காரமிட்டது. பலகையின் பின்விளிம்பில் சுழல்கள் மாறி மாறிப் பிரிவதால் வரும் அதிர்வு அது. பின்விளிம்பை ஒரு பக்கம் மட்டும் சாய்வாகத் தேய்த்ததும் நின்றுவிட்டது. அதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன்.

சரி, தண்ணீருக்கு வருகிறேன்.

முதல் சீசனில் ஒரு போட்டிக்கு முன்னால் எடை பார்த்தபோது உடல் குறைந்தபட்ச எடைக்கு 2 கிலோ கீழே இருந்தது. அந்தக் குறையை ஈடுகட்ட ஈயத் துண்டுகளைத் திருகி எடை சேர்த்தார்கள். எனக்கு அன்று பெருமையாக இருந்தது. கட்டியவர்கள் பிசினை அளந்து போட்டிருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம். நான்காவது சீசனில் அதே மாதிரி எடை பார்த்தபோது, ஈயத்தை முழுக்கக் கழற்றிய பிறகும் 1 கிலோ கூடுதல். 3 கிலோ எங்கிருந்தோ வந்திருக்கிறது. உடலின் உள்ளறைத் தக்கையைத் திறந்து சாய்த்துப் பார்த்தேன். ஒரு கரண்டித் தண்ணீர்தான் வந்தது.

"3 கிலோதானே" என்று பலர் சொன்னார்கள். 1970களின் தொடக்கத்தில் வந்த லேசர் படகின் உடல் 4.23 மீட்டர் நீளத்துக்கு 59 கிலோ. 2014-ல் வந்த ஆர்எஸ் ஏரோ 4 மீட்டருக்கு வெறும் 30 கிலோ. எபாக்ஸி, கார்பன், ஃபோம் மூன்றும் சேர்ந்து இடையில் அவ்வளவு எடையைக் குறைத்திருக்கின்றன. அப்படிக் கிராம் கிராமாகக் குறைத்துக் கட்டும் படகில் 3 கிலோ சும்மா ஏறினால் அது என்ன கணக்கு? அதைவிட மோசம், அது ஏறியிருந்த இடம். அலையில் அணியம் எழுந்து இறங்கும் ஒவ்வொரு முறையும் நுனியில் இருக்கும் எடை அதைத் தாமதமாக்கும். நடுவில் இருக்கும் 3 கிலோவும் நுனியில் இருக்கும் 3 கிலோவும் ஒன்றல்ல. ஒல்லியான அணியம் உள்ள படகு, ஸ்பின்னேக்கரோடு காற்றுப் போகும் திசையில் ஓடும்போது முன்னால் குத்திக்கொள்ள எப்போதும் தயாராக இருக்கும். மூன்றாவது சீசனிலிருந்தே எனக்கு அப்படிக் குத்திக்கொள்வது கூடியிருந்தது. என் கையில்தான் குறை என்று நினைத்து ஒரு வருடம் முழுக்க உட்காரும் இடத்தை மாற்றி மாற்றிப் பயிற்சி செய்தேன். கூட ஓட்டுபவரை அமரத்தின் ஓரம்வரை தள்ளி நிற்கவைத்தேன். அவரிடம் இதற்காக மன்னிப்பும் கேட்டுவிட்டேன்.

கடைசியில் ஒரு காசை எடுத்து மேல்தளத்தைத் தட்டினேன். நல்ல இடத்தில் டிக் டிக்கென்று தெளிவாகக் கேட்கும். மேலே உள்ள இழைத் தோல் உள்ளே இருக்கும் ஃபோமை விட்டுப் பிரிந்த இடத்திலும் ஈரம் ஏறிய இடத்திலும் ஓசை செத்துப்போய், அட்டையைத் தட்டுவது மாதிரி இருக்கும். செத்த ஓசை வந்த இடங்களைப் பென்சிலால் குறித்துக்கொண்டே போனேன். பாய்மரத்தை முன்னாலிருந்து இழுத்துப் பிடிக்கும் முன்கம்பியை மாட்டும் ஃபிட்டிங்கில் தொடங்கி ஒரு மீட்டருக்கு மேல் பின்னால்வரை வந்தது. திட்டுத் திட்டாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். ஆனால் பென்சில் கோடுகள் நேராக, கட்டம் கட்டமாக, கணக்கு நோட்டு மாதிரி வந்தன. அந்தக் கட்டங்களைப் பார்த்ததும்தான் விஷயம் புரிந்தது.

இந்த வகை உடலில் இரண்டு மெல்லிய தோல்கள், நடுவில் ஃபோம். வளைக்கும்போது ஒரு தோல் இழுபடும், மற்றது நெரிபடும். இரண்டும் ஒன்றையொன்று விட்டு வழுக்காமல் ஃபோம் பிடித்துக்கொள்ளும். தோல்களுக்கு இடையில் உள்ள தூரத்தை இரட்டித்தால் விறைப்பு ஏறக்குறைய நான்கு மடங்காகும், எடையோ கொஞ்சம்தான் கூடும். ஆனால் ஃபோம் தட்டையான பலகையாகத்தான் வரும். அணியத்தின் வளைவில் அது படிவதற்காகக் கட்டம் கட்டமாகக் கீறிய பலகையைப் பயன்படுத்துவார்கள். வளைத்தவுடன் அந்தக் கீறல்கள் வாய் திறக்கும். அவற்றில் பிசின் கலவையைத் தேய்த்து நிரப்பிவிட்டுத்தான் அடுத்த தோலைப் போட வேண்டும். நிரப்பாமல் விட்டால் மேல்தளத்துக்கு உள்ளே வாய்க்கால் வலை ஒன்று உருவாகிவிடும். ஃபோம் மூடிய அறைகளால் ஆனது, தானாகத் தண்ணீரை அதிகம் குடிக்காது. என் படகில் தண்ணீர் ஃபோமுக்குள் போகவில்லை, அந்த வாய்க்கால்களில் நின்றது. எங்கேயோ ஓர் ஓட்டையில் நுழைந்த தண்ணீர் வேறு எங்கேயோ போய்ச் சேர்ந்தது இப்படித்தான்.

ஓட்டை முன்கம்பி ஃபிட்டிங்கில் இருந்தது. அதைக் கழற்றியபோது அடியில் இருந்த அலுமினியத் தகடு வெள்ளைப் பொடியாகிப் பொரிந்து ஃபிட்டிங்கை மேலே தூக்கியிருந்தது. அந்த இடத்தில் வலுவுக்காகக் கார்பன் போட்டிருக்கிறார்கள். கார்பனும் அலுமினியமும் உப்புத் தண்ணீரில் நேரடியாகத் தொட்டுக்கொண்டால் மின்கலம் மாதிரி வேலை செய்யும். அரிபடுவது எப்போதும் அலுமினியம்தான். நடுவில் கண்ணாடி இழைத் துணி ஓர் அடுக்கு போதும், இரண்டையும் பிரித்துவைக்கும். ஒரு கைக்குட்டை அளவுத் துணி. அதைப் போடவில்லை.

தகடு பொரிந்தது, ஃபிட்டிங் எழும்பியது, தண்ணீர் புகாமல் அடைக்கும் சீலண்ட் பிரிந்தது. அதன் பிறகு வெயிலே பம்ப் வேலை பார்த்தது. கரையில் நிற்கும்போது மேல்தளம் சூடாகி, கீறல்களில் இருக்கும் காற்று விரிந்து வெளியேறும். படகைத் தண்ணீரில் இறக்கி முதல் அலை மேலே அடித்ததும் அந்தக் காற்று சுருங்கும். சுருங்கும்போது போல்ட் ஓட்டை வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். ஒவ்வொரு முறை இறக்கும்போதும் இது நடந்திருக்கிறது. நான் பாய் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

கட்டிய பட்டறைக்குப் படங்களோடு எழுதினேன். ஃபிட்டிங்குகளுக்கு அவ்வப்போது சீலண்ட் மாற்றுவது உரிமையாளர் பொறுப்பு என்று பதில் வந்தது. நான் வருடா வருடம் மாற்றினேன். பொரிகிற தகட்டின்மேல் எந்தச் சீலண்ட் நிற்கும்? கீறலை நிரப்பக் கூடுதலாக ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். தகட்டுக்குக் கீழே துணி போடப் பத்து நிமிடம். ஒரு வடிவமைப்பாளர் அணியத்தின் எடையை இவ்வளவு யோசித்து வரைந்ததை, அந்த ஒரு மணி நேரத்தை மிச்சம் பிடித்துக் கெடுத்திருக்கிறார்கள். இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் அடங்கவில்லை.

இதே கையோடு இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சேதமான பகுதியில் மேல்தோலை அறுத்து உரித்தபோது, ஈரம் படாத ஓரங்களில் அது லேசில் வரவில்லை. வந்த இடத்தில் ஃபோமின் சதையையும் பிய்த்துக்கொண்டு வந்தது. ஒட்டு ஃபோமைவிட வலுவாக இருந்தது என்று அர்த்தம். இழைத் துணியில் உலர்ந்த திட்டு ஒன்றுகூட இல்லை, பிசின் தேங்கிய இடமும் இல்லை. வெற்றிடப் பையில் அழுத்திக் கட்டும்போது சதுர மீட்டருக்குப் பல டன் அழுத்தம் சீராக விழ வேண்டும். பையில் ஊசி ஓட்டை இருந்தால்கூட அழுத்தம் குறைந்து வேலை காட்டிக்கொடுத்துவிடும். அந்த வேலையைச் செய்த கைகள் நல்ல கைகள். உடலும் மேல்தளமும் சேரும் விளிம்பில் ஆறு வருடத்தில் ஒரு மயிரிழை விரிசலும் இல்லை. இவ்வளவு தெரிந்தவர்கள் கீறலையும் அந்தத் துணியையும் ஏன் விட்டார்கள் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பழுதுபார்த்த விதம், இதே சிக்கல் இருப்பவர்களுக்காக. முதலில் நல்ல தண்ணீரால் கீறல்களைப் பலமுறை கழுவுங்கள். உப்பு உள்ளே இருந்தால் எவ்வளவு உலர்த்தினாலும் ஈரத்தை மறுபடி இழுத்துக்கொள்ளும். அப்புறம் அதன்மேல் பை ஒட்டி வெற்றிட பம்ப் வைத்தேன். அழுத்தம் குறைந்தால் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே ஆவியாகும். ஹீட் கன்னைத் தொடாதீர்கள், ஃபோம் இளகிவிடும். இதற்கே இரண்டு வாரம் போனது. கீறல்களில் மைக்ரோபலூன் என்ற உள்ளீடற்ற நுண்ணுருண்டைத் தூள் கலந்த எபாக்ஸியைத் தேய்த்து நிரப்பினேன். அலுமினியத்தை எடுத்துவிட்டுக் கண்ணாடி இழை எபாக்ஸித் தகடு வைத்தேன். ஒவ்வொரு போல்ட்டுக்கும் பெரிய ஓட்டை போட்டு, எபாக்ஸியால் அடைத்து, அதன் நடுவில் சரியான அளவில் மறுபடி துளைத்தேன். இனி அங்கே தண்ணீர் நுழைந்தாலும் ஃபோமைத் தொடாது. புதுத் தோலுக்கு ஓரத்தைச் சரிவாகத் தேய்க்க வேண்டும்: 1 மி.மீ. தடிமன் தோலுக்குக் குறைந்தது 12 மி.மீ. நீளச் சரிவு. நான் 20 வைத்தேன். எபாக்ஸி இறுகியதும் மேலே மெழுகு மாதிரி ஒரு பிசுபிசுப்பு வரும். தேய்ப்பதற்கு முன்னால் அதைத் தண்ணீரால் கழுவிவிடுங்கள், இல்லையென்றால் பெயின்ட் ஒட்டாது.

மறுபடி எடை போட்டபோது 2 கிலோ குறைந்திருந்தது. மீதி ஒரு கிலோ என் பிசினும் பெயின்ட்டும். பட்டறைக்காரர்கள் அளவுக்கு எனக்குக் கை வரவில்லை. தண்ணீரில் இறக்கி ஸ்பின்னேக்கரை ஏற்றி முதல் அலையில் இறங்கியபோது, அணியம் குத்தவில்லை. உள்ளே போவது மாதிரி போய், முதல் வருடம் எழுந்த மாதிரியே எழுந்தது. கூட ஓட்டுபவர் திரும்பி என்னைப் பார்த்தார். இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை.

நண்பருக்குச் சொன்ன "வேண்டாம்" என்பதை நான் மாற்றவில்லை. இவ்வளவு வேலை வாங்கக்கூடிய படகை யாருக்கும் பரிந்துரைக்க மனம் வரவில்லை. நேற்று அவர் மறுபடி அழைத்தார், ஒருமுறை வந்து பார்க்க முடியுமா என்று கேட்டார். சனிக்கிழமை போகிறேன். ஒரு காசு, ஒரு பென்சில், தொங்கு தராசு இரண்டு எடுத்துக்கொள்கிறேன். அணியத்தையும் அமரத்தையும் தனித்தனியாக எடை போட வேண்டும். முன்கம்பி ஃபிட்டிங்கைச் சுற்றித்தான் முதலில் தட்டிப் பார்ப்பேன்.