பழைய கேமரா லென்ஸ் கழற்றும் ஸ்பேனர்: வாங்கலாமா?

வேலூர் வெயிலில் பீரோவுக்குள் வெந்த லென்ஸ் என்றால், ஃபோகஸ் திருகும் மரையின் கிரீஸ் எண்ணெய் ஆவியாகி உள்கண்ணாடியில் படிந்திருக்கும். பின்னாலிருந்து டார்ச் அடித்தால் பால் போலத் தெரியும். கழற்ற இந்த இரட்டைமுனை ஸ்பேனர் போதும். பிடி உறுதி. முனைதான் தடிமன், கண்ணாடியைப் பிடித்திருக்கும் வளையத்தின் காடியில் முழுதாக இறங்காமல் வழுக்கினால் கண்ணாடியில் கோடு விழும். அரத்தால் லேசாக ராவிக்கொள்ளுங்கள். கண்ணாடி எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று ஓரத்தில் பென்சிலால் குறிப்பது கட்டாயம்.

துடைக்க 99% ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்தான். சிஎம்சி மருத்துவமனை எதிரே மெடிக்கலில் 70% கொடுத்தால் வாங்காதீர்கள், மீதித் தண்ணீர் வட்டமாகக் கறை விடும். டிஷ்யூவை நனைத்து நடுவிலிருந்து வெளியே சுழற்றித் துடைக்கவும். கண்ணாடி மேல் ஊற்றினால் ஓரப் பெயின்ட் கரையலாம். பசையால் ஒன்றாக ஒட்டிய கண்ணாடிகளுக்கு நடுவே மங்கல் என்றால் இந்த ஸ்பேனரால் பயனில்லை.